கழுத்துத் துணி

வீடு
ஜூன் 4

மருமகளுக்கு,

போன் பண்ணக் கூடாது என்று சொல்லிவிட்டாய். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான் நான். ஆனால் அந்த ஐந்து வருஷமும் கையெழுத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. அதனால் படிக்க முடியவில்லை என்று சாக்குச் சொல்லாதே.

உன் புருஷனிடம் கேட்டால் ஒன்றும் பெயராது. அவனும் அவன் கூட்டாளி டிரைவரும் ஆஸ்பத்திரி ஊருக்குப் போகிற பஸ்ஸை மாறி மாறி ஓட்டுகிறார்கள். போகிறபோதெல்லாம் ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்துவிட்டுத்தானே வருகிறான். "சுண்டு எப்படிடா இருக்கா?" என்றால் "ம்" என்கிறான். "ஆபரேஷன் பண்ண இடம் ஆறிடுச்சா?" என்றாலும் "ம்." பெற்ற எனக்கே அந்த "ம்"முக்கு அர்த்தம் புரியவில்லை. நீ எப்படிக் குடித்தனம் பண்ணுகிறாயோ.

விஷயத்துக்கு வருகிறேன். கிளம்புகிற அன்று சுண்டுவின் கழுத்துத் துணிகளை எல்லாம் மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் போட்டாய். "இனிமே இந்தக் கருமம் நமக்கு வேண்டாம் அத்தை. என் பொண்ணுக்கும் எல்லாரையும் மாதிரி கழுத்து வரப்போவுது" என்றாய். அந்தக் கருமத்தை இரண்டரை வருஷம் துவைத்தது யார்? உணவுக்குழாய் நடுவில் இல்லாமல் பிறந்த பிள்ளை. மேல்பாதிக்குக் கழுத்தில் ஒரு ஓட்டை, வயிற்றில் பால் ஊற்ற ஒரு குழாய். "வாய்லயும் ஊட்டுங்க, ருசி மறந்துடக் கூடாது. அது கழுத்து வழியா வெளிய வந்துடும், துடைச்சுக்குங்க" என்று டாக்டர் சொன்னபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான்தான் கரண்டியை எடுத்தேன். நீ வயிற்றில் ஊற்றினாய், நான் வாயில் ஊட்டினேன். கழுத்தில் பால் வந்ததும் துணியை ஒற்றி "வந்துடுச்சு" என்பேன். அவளும் "வந்துச்சு" என்று கை தட்டுவாள்.

நீ தூக்கிப் போட்டதில் ஒரு துணி தப்பிவிட்டது. என் இஸ்திரிப் பலகைக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. துவைத்துக் காயவைத்து, மடித்து, பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.

இன்று மதியம் திறந்தால், துணி ஈரமாக இருக்கிறது. ஒரு மூலை மட்டும். சுண்டு கழுத்தில் நான் ஒற்றுகிற அதே மூலை.

ஊர்த் துணியெல்லாம் தேய்த்த கை இது. மழை ஈரம் எது, வியர்வை ஈரம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இது வழவழவென்று இருக்கிறது. எச்சில். பால் வாடை இல்லை.

பிள்ளையின் கழுத்து எப்படி இருக்கிறது? அதை மட்டும் எழுது. நீயும் "ம்" என்று எழுதிவிடாதே.

உன் மாமியார்


ஆஸ்பத்திரி
ஜூன் 7

அத்தைக்கு,

பீரோவுக்கு மேலே கூரை ஒழுகும். பாருங்கள். இல்லாவிட்டால் எலியாக இருக்கும்.

கழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒழுகுகிறது.

பெருங்குடலில் ஒரு துண்டை எடுத்து, இல்லாத குழாய்க்குப் பதிலாக உள்ளே வைத்திருக்கிறார்கள். அதை மேலே கழுத்திலும் கீழே வயிற்றிலும் தைத்திருக்கிறார்கள். கீழ்த்தையல் பிடித்துக்கொண்டது. மேல்தையல் ஒரு இடத்தில் விட்டிருக்கிறது. விழுங்குகிற எச்சில் அதன் வழியாக வந்து கழுத்துக் கட்டுத்துணியை நனைக்கிறது. கம்பெனியில் நாள் முழுக்கச் சட்டைத் தையலை இழுத்துப் பார்த்து, விட்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் நான். என் பிள்ளையின் தையலை என்னால் பார்க்கக்கூட முடியவில்லை.

"கழுத்துத் தையல்ல கசிவு வர்றதுதான்மா. பெரும்பாலும் தானா மூடிக்கும். வாய்ல ஒரு சொட்டு கொடுக்காதீங்க, வயித்துக் குழாய்லயே போகட்டும். காய்ச்சல் வராமப் பார்த்துக்கறோம்" என்கிறார் டாக்டர். மாதக் கடைசிக்குள் மூடாவிட்டால்? "மறுபடி திறந்துதான் பார்க்கணும்" என்றார். மறுபடி ஒருமுறை அந்தக் கதவுக்குள் அவளை அனுப்பினால் திரும்ப வருவாளா என்று எனக்குத் தெரியாது. அதை அவரிடம் கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

பஸ் ஏறும்போது என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "அந்த ஓட்டைய மூடாதீங்க, எனக்கென்னவோ மனசு சரியில்ல." உங்கள் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. இப்போது உங்கள் குரலைக் கேட்டாலே அந்த வார்த்தைதான் காதில் விழுகிறது. அதனால்தான் போன் வேண்டாம் என்றேன்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கட்டு காலையில் நனைகிறது, மாலையில் நனைகிறது. மதியம் மட்டும் காய்ந்திருக்கிறது. "யாரு மாத்தினது? எனக்குத் தெரியாம இன்னொரு நர்ஸ் வெச்சிருக்கீங்களா?" என்று இங்கே இருக்கிற நர்ஸம்மா கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கட்டிலை விட்டு நகரவே இல்லை. யாரும் வரவில்லை. சுண்டு மட்டும் தூக்கத்திலேயே தலையைச் சாய்த்துக் கழுத்தைக் காட்டிக்கொடுத்தாள். நீங்கள் துடைக்கும்போது காட்டுவாளே, அப்படி.

சுண்டுவின் அம்மா


வீடு
ஜூன் 12, மதியம்

மருமகளுக்கு,

கூரையில் ஆள் ஏற்றிப் பார்த்தேன். காய்ந்த சருகு போல் கிடக்கிறது. எலி இருந்தால் துணியைக் கடிக்கும், எச்சில் பண்ணிவிட்டு மடித்து வைக்காது.

வாய் முகூர்த்தம் என்கிறாய். என் வாய்க்கு அவ்வளவு சக்தி இருந்தால் உன் புருஷன் இந்நேரம் "ம்"முக்கு மேல் பேசியிருப்பான். பயந்தவள் சொன்ன வார்த்தையைச் சாபம் என்று எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய?

உன் கடிதம் வந்ததிலிருந்து மதியம் தவறாமல் பீரோவைத் திறக்கிறேன். தவறாமல் ஈரமாக இருக்கிறது. துவைக்கிறேன், காயவைக்கிறேன், தேய்த்து மடித்து வைத்துப் பூட்டுகிறேன். மதிய முறை என்னுடையது என்று உன் நர்ஸம்மாவிடம் சொல்லிவிடு. சிரிக்கட்டும்.

நேற்றுவரை எனக்குப் பயமில்லை. இன்று பயமாக இருக்கிறது.

திறந்ததும் துணியில் நீலம். மையைக் கொட்டினது போல் இல்லை. எச்சிலோடு கலந்து, நடுவில் அடர்த்தியாகவும் ஓரத்தில் வெளுத்தும், ஒரு ரூபாய் அகலத்துக்கு. வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலமோ என்று முதலில் நினைத்தேன். என் இஸ்திரிக் கடையை மூடியபிறகு அந்தப் புட்டியை நான் கண்ணால் பார்க்கவில்லை. அந்த நிறமும் எனக்குத் தெரியும், இது அது இல்லை. சோப்புப் போட்டேன், போகவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தேன், போகவில்லை. என் கையில் போகாத கறை இதுதான்.

பிள்ளையின் உதடு நீலமாகிவிட்டதா? மூச்சு முட்டுகிறதா? என்னிடம் மறைக்காதே.

உன் மாமியார்


ஆஸ்பத்திரி
ஜூன் 12, மாலை

அத்தைக்கு,

உங்களிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை. எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. உங்கள் மகன் வண்டியில் இருக்கிறார், அவருக்கே இன்னும் தெரியாது.

இன்று மதியம் ஒரு சோதனை செய்தார்கள். நீலத் தண்ணீரைச் சுண்டுவின் நாக்கில் சில சொட்டுகள் விட்டார்கள். ஓட்டை இருந்தால் அது கழுத்துக் கட்டுத்துணியில் வந்து காட்டிக்கொடுக்குமாம். வாயில் ஏதோ படுகிறதே என்று அவளுக்கு அத்தனை ஆசை. சப்புக் கொட்டினாள். நீல நாக்கோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்த நிமிஷம் கட்டுத்துணியில் நீலம். நடுவில் அடர்த்தியாகவும் ஓரத்தில் வெளுத்தும்.

மூடவில்லை. இன்னும் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். இதே சோதனையைத் திரும்பவும் செய்வார்களாம்.

சுண்டுவின் அம்மா


ஆஸ்பத்திரி
ஜூன் 15

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தேதியைப் பார்த்தேன். மறுபடி படித்தேன். மறுபடியும் தேதியைப் பார்த்தேன். "நீங்க சொன்னீங்களா உங்க அம்மாகிட்ட, நீலத்தைப் பத்தி?" என்று இவரைக் கேட்டேன். "ம்ஹும்" என்றார். நீங்கள் எழுதியதை நீட்டினேன். படித்துவிட்டு வார்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். வண்டி எடுக்கும் நேரம்வரை எழுந்திருக்கவில்லை.

அந்தத் துணியை எரித்துவிடுங்கள் என்று ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

காலையும் மாலையும் எச்சில் ஊறி ஊறிக் கழுத்துத் தோல் வெந்ததுபோல் சிவந்திருக்கிறது. களிம்பு தடவுகிறார்கள். தொட்டால் அலறுகிறாள். மதியம் மட்டும் அந்த இடம் காய்ந்து, குளிர்ந்து இருக்கிறது. மதியம் மட்டும்தான் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். முடிந்தால் காலையிலும் மாலையிலும் பீரோவைத் திறந்து பாருங்கள்.

சுண்டுவின் அம்மா


வீடு
ஜூன் 22

அம்மாடி,

நீ கேட்டபடியே மூன்று வேளையும் திறந்தேன். மூன்று வேளையும் ஈரம். பிறகு நாளுக்கு நாள் குறைந்தது. நேற்று சுண்டுவின் நகம் அளவுக்குத்தான் இருந்தது. சந்தோஷப்பட்டேன்.

இன்று காலையில் ஒன்றுமில்லை. மதியமும் ஒன்றுமில்லை. காதில் வைத்து உரசினால் சரசரக்கிறது. அந்த நீலக் கறைகூடக் காய்ந்து தாள் மாதிரி நிற்கிறது.

காய்ந்த துணியைப் பார்த்துப் பயந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாயில் ஈரம் எப்போது நிற்கும் என்று எனக்குத் தெரியும். உன் மாமனாரின் கடைசி நாளில் உதட்டைத் துடைத்தவள் நான். துடைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு முறை துடைத்தபோது துணியில் ஒன்றும் வரவில்லை. அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

போனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். நீ சொன்னாய் என்பதற்காக இல்லை. நான் அடித்து நீ எடுக்காமல் போனால், அந்த மணிச் சத்தத்தை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

கூட்டாளி டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதில் வாங்காமல் வண்டியை எடுத்தால் காலை உடைப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு வரி போதும்.

மாமியார்


ஆஸ்பத்திரி
ஜூன் 23

அத்தை,

இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். மூடிவிட்டது.

நேற்றுக் காலையில் மறுபடி நீலம் விட்டார்கள். கட்டு வெள்ளையாகவே இருந்தது. நர்ஸம்மா என்னைக் கட்டிக்கொண்டார். மறுபடி திறக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓட்டை மூடினதால்தான் துணி காய்ந்திருக்கிறது, அத்தை. வேறொன்றும் இல்லை.

கீழே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார். கால்மேல் அவருக்கு அவ்வளவு ஆசை.


ஆஸ்பத்திரி
ஜூன் 27

அன்புள்ள அத்தைக்கு,

ஆற அமர எழுதுகிறேன்.

வெள்ளை மருந்து விட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். கசிவு இல்லை. ஆனால் தையல் ஆறின இடம் சுருங்கிவிட்டது. சுருக்குப் பையின் வாய் மாதிரி இருந்தது படத்தில். இதுவும் வருவதுதானாம். மயக்கம் கொடுத்து, உள்ளே ஒரு சின்ன பலூனை விட்டு, ஊதி விரித்துவிட்டார்கள். அந்தக் கதவுக்குள் அனுப்பும்போது என் உயிர் போய்விட்டது. சீக்கிரமே திரும்பி வந்துவிட்டாள். இன்னும் சில முறை விரிக்க வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்தபிறகும் உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாகக் குழைத்துத்தான் கொடுக்க வேண்டும். சாப்பிட்டதும் படுக்கப் போடக் கூடாது. அடைத்துக்கொண்டாலோ, குடிக்கும்போதெல்லாம் இருமினாலோ உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும்.

இதெல்லாம் அவள் விழுங்கினால்தானே.

விழுங்கமாட்டேன் என்கிறாள், அத்தை. கரண்டியில் பால் கொடுத்தால் வாயில் வாங்கிக்கொள்கிறாள். கையைக் கழுத்துக்குக் கொண்டுபோகிறாள். தடவிப் பார்க்கிறாள். கையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறாள். காய்ந்திருக்கிறது. உடனே பயந்துபோய் எல்லாவற்றையும் துப்பிவிடுகிறாள். "எங்க போச்சு? எங்க போச்சு?" என்று அழுகிறாள். நேற்று அப்படி அழுதுகொண்டே கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினாள்.

விழுங்கப் பழக்குகிற அம்மா ஒருவர் வருகிறார். "அவளுக்கு விழுங்கத் தெரியுது. விழுங்கினது எங்க போவுதுன்னு தெரியல. ரெண்டரை வருஷமா கண்ணால பார்த்து நம்பினவ" என்றார். இப்படியே விட்டால் விரித்த இடம் மறுபடி சுருங்கும், வயிற்றுக் குழாயே நிரந்தரமாகிவிடும் என்கிறார்.

அந்தத் துணியை அனுப்புங்கள்.

உங்கள் மருமகள்


வீடு
ஜூன் 29

அம்மாடி,

துணியை உன் புருஷன் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கொடுக்க மனசில்லாமல்தான் கொடுக்கிறேன். நீங்கள் எல்லாரும் போன இந்த வீட்டில் பிள்ளை என்று எனக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். ஈரமோ காய்ந்ததோ, அவள் சங்கதி எனக்கு அதில்தான் வந்தது.

ஊட்டும்போது அவசரப்படுத்தாதே. நீ கம்பெனிக்கு ஓடுகிற வேகத்தில் ஊட்டுவாய். கரண்டியை உதட்டில் வைத்துவிட்டு வேறெங்கோ பார்ப்பதுபோல் இரு. அவளாகவே எடுத்துக்கொள்வாள். "வந்துடுச்சு" என்று சொல்லும்போது சத்தமாகச் சொல்லாதே. ரகசியம் மாதிரி சொல்லு.

அவள் வாய் எனக்கு, வயிறு உனக்கு என்று இத்தனை நாள் பிரித்துவைத்திருந்தோம். இனி இரண்டும் உன்னிடம்தான்.

மாமியார்


ஆஸ்பத்திரி
ஜூலை 4

அன்புள்ள அத்தைக்கு,

துணியைப் பிரித்துப் பார்த்தேன். நீலக் கறை இருந்தது. உங்களை நம்பாமல் இல்லை. இருந்தாலும் கண்ணால் பார்த்ததும் நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கட்டுத்துணியில் வந்த கறையும் இதே வடிவம். நர்ஸம்மாவும் அதை ஞாபகம் வைத்திருந்தார். அன்றிலிருந்து இரண்டாவது நர்ஸைப் பற்றி அவர் ஜோக் அடிப்பதில்லை.

துணியைப் பார்த்ததுமே சுண்டு தலையைச் சாய்த்துக் கழுத்தைக் காட்டினாள். ஒரு கரண்டி கொடுத்தேன். விழுங்கிவிட்டாள். எனக்குக் கேட்டது, "களக்" என்று. துணியை வாங்கிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. உதடு கோணிக்கொண்டு வந்தது.

என்ன தோன்றியதோ தெரியவில்லை. வயிற்றுக் குழாயின் மூடியைத் திறந்து, துணியை அதன் அடியில் பிடித்தேன். "பொறு சுண்டு, வரும்" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை. பழக்குகிற அம்மா, நர்ஸம்மா, பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு பால் வந்தது. குழாய் வழியாக மெதுவாக இறங்கி, துணியின் அந்த மூலையை நனைத்தது.

நீங்கள் சொன்னதுபோலவே ரகசியமாகச் சொன்னேன். "இங்க பாரு. வந்துடுச்சு."

அவள் ஈரத்தைத் தொட்டாள். வயிற்றைத் தொட்டாள். கழுத்தைத் தொட்டாள். மறுபடி வயிற்றைத் தொட்டாள். "இங்க வந்துச்சு" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள். கிண்ணம் காலியாகும்வரை மூடவில்லை, அத்தை.

இனி சொல்வதை யாரிடமும் சொல்லவில்லை. பால் பட்ட துணியை அலசி, ஈரத்தோடு கட்டில் கம்பியில் போட்டிருந்தேன். அது நேற்றுக் காலை. மதியம் நானும் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது துணி கம்பியில் இல்லை. சுண்டுவின் தலையணைக்குப் பக்கத்தில், நான்காக மடித்து, மூலையை உள்ளே செருகி இருந்தது. நீங்கள் மடிக்கிற மடிப்பு. எடுத்தேன். சூடாக இருந்தது. கை பொறுக்காத சூடு இல்லை, இப்போதுதான் தேய்த்து வைத்த சூடு. இஸ்திரிப் பெட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். "இந்த வார்டுல இஸ்திரிப் பெட்டி ஏதும்மா?" என்கிறார் நர்ஸம்மா.

அத்தை, நேற்று மதியம் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

போன் பண்ணுங்கள். உங்கள் குரலைக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

உங்கள் மருமகள்


வீடு
ஜூலை 6

அம்மாடி,

நாளைக்குப் போன் பண்ணுகிறேன். இதைப் போனில் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்ட அந்த மதியம் பழக்கதோஷத்தில் பீரோவைத் திறந்துவிட்டேன். உள்ளே ஒன்றுமில்லை. கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. பெட்டியைச் சூடு பண்ணி, பலகையில் போர்வையை விரித்து, துணி இருப்பதாக நினைத்துக்கொண்டு தேய்த்தேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நீ நினைத்தாலும் பரவாயில்லை. மூலையை இழுத்துப் பிடித்தேன், மடிப்பு போட்டேன், வெறுங்கையால். அதே இடத்தில் மறுபடி பெட்டியை வைத்தேன்.

காய்ந்த போர்வை, அம்மாடி. தண்ணீர் தெளிக்கவில்லை. ஆனால் பெட்டிக்கு அடியிலிருந்து ஆவி வந்தது. ஈரத்துணியைத் தேய்த்தால் வருமே, அதே "ஸ்ஸ்" சத்தத்தோடு. குனிந்து முகர்ந்தேன். பால் வாடை.

சுண்டுவிடம் ரகசியமாகச் சொல்லு. இங்கேயும் வந்துடுச்சு.

மாமியார்